அன்சா-பொரேகோ பாலைவனத்தில் பூக்காலம்: நாள் பார்ப்பது முதல் மணலில் சிக்காமல் திரும்புவது வரை

மஞ்சளும் ஊதாவுமாகப் பாலைவனம் பூத்துக் கிடக்கும் படத்தைப் பார்த்ததும் அடுத்த சனிக்கிழமைக்கு அறை பதிவு செய்கிறவர்களில் பலர், காய்ந்த தண்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்தப் படம் எடுத்துப் பத்து நாள் ஆகியிருக்கும். இடைப்பட்ட நாட்களில் ஒரு சூட்டுக்காற்றோ, புழுக் கூட்டமோ வந்து வயலையே முடித்திருக்கும். இந்தப் பூக்களுக்கு நிலையான தேதி கிடையாது. எவ்வளவு மழை எப்போது பெய்தது, நிலம் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும்.

இங்கே சொல்வது அன்சா-பொரேகோ பாலைவன மாநிலப் பூங்காவைப் பற்றி. சான் டியேகோவுக்கு வடகிழக்கே, 6 லட்சம் ஏக்கர் பரப்பில் கிடக்கும் இதுதான் கலிஃபோர்னியாவின் மிகப் பெரிய மாநிலப் பூங்கா. அதன் நடுவே பொரேகோ ஸ்பிரிங்ஸ் என்று ஒரு சின்ன ஊர். போக்குவரத்து சிக்னல் ஒன்றுகூட இல்லாத ஊர் அது. கிறிஸ்மஸ் சர்க்கிள் என்ற வட்டச் சந்திப்பை வைத்துத்தான் அங்கே வழி சொல்வார்கள்.

மழைக் கணக்கு

தரையை மூடிப் பூப்பவை எல்லாம் ஓராண்டுச் செடிகள். விதையாக மணலுக்குள் பல ஆண்டு காத்துக் கிடக்கும். விதையின் மேல்தோலில் முளைப்பைத் தடுக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. சும்மா ஒரு தூறலுக்கு அது கரையாது. அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை, மண் ஊறும்படி ஒரு மழை நின்று பெய்தால்தான் அது கழுவப்பட்டு விதை முளைக்கும். தூறலை நம்பி முளைத்த செடி அடுத்த வாரமே கருகிவிடும் என்பதால் விதைக்கு இந்தக் காவல்.

அந்த முதல் மழை செப்டம்பர் கடைசிக்கும் டிசம்பர் தொடக்கத்துக்கும் இடையில் வர வேண்டும். பிறகு பிப்ரவரி வரை சில வாரங்களுக்கு ஒரு தரம் மெதுவான மழை தொடர வேண்டும். நடுவில் ஈரத்தை உறிஞ்சும் காற்று அடிக்கக் கூடாது. பொரேகோ ஸ்பிரிங்ஸில் ஆண்டு முழுவதும் சேர்த்தே சராசரியாக 5, 6 அங்குலம்தான் மழை. அதனால் இத்தனை நிபந்தனையும் ஒன்றாகக் கூடுகிற ஆண்டு அரிது. 2017, 2019 இரண்டிலும் அப்படிக் கூடியது.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. டிசம்பர் கடைசி வாரத்தில், அக்டோபர் 1 முதல் பொரேகோ ஸ்பிரிங்ஸில் பெய்த மழையின் கூட்டுத்தொகையைப் பாருங்கள். கூடவே அது ஒரே நாளில் கொட்டியதா, பரவலாகப் பெய்ததா என்றும் பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றால் மார்ச் மாதப் பூக்கம்பளத்தை மறந்துவிடுங்கள். ஜனவரிக் கடைசியில்தான் முதல் நல்ல மழை என்றால் செடி முளைக்கும். ஆனால் வளர நேரம் இருக்காது. கட்டைவிரல் உயரத்தில் ஒரே ஒரு பூவைப் பூத்து, விதை போட்டுவிட்டு முடிந்துவிடும்.

மழை பொய்த்தாலும் பயணம் வீண் என்று அர்த்தமில்லை. கள்ளிகள், ஒக்கோட்டியோ, பிரிட்டில்புஷ் போன்றவை பல்லாண்டுச் செடிகள். தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்ததைக் கொண்டு ஓரளவாவது பூத்துவிடும். அப்படிப்பட்ட ஆண்டில் பயணத்தை ஏப்ரலுக்குத் தள்ளுங்கள்.

உயரக் கணக்கு

பூக்காலம் கீழிருந்து மேலே ஏறும். பொரேகோ பள்ளத்தாக்கின் தரை கடல் மட்டத்திலிருந்து 500 முதல் 800 அடி. அங்கே பிப்ரவரிக் கடைசி முதல் மார்ச் மூன்றாம் வாரம் வரை. 1,000 முதல் 2,500 அடி வரையிலான சரிவுகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை. 3,000 அடிக்கு மேலே, கல்ப் வேலிப் பக்கம், ஏப்ரலிலிருந்து மே வரை. ஒரே உயரத்திலும் தெற்கு பார்த்த சரிவு முந்தும், வடக்கு பார்த்தது பிந்தும்.

இது தெரிந்தால் பாதி ஏமாற்றம் தவிரும். பள்ளத்தாக்கில் எல்லாம் முடிந்துவிட்டது என்று திரும்பிப் போகிறவர்கள், அதே சாலையில் அரை மணி நேரம் மேலே ஏறியிருந்தால் அன்றைக்கு மலர்ந்த பூவையே பார்த்திருப்பார்கள்.

நாளை உறுதி செய்வது

இரண்டு வார இறுதிகளைக் குறித்து வையுங்கள். கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறையை இரண்டுக்கும் பிடித்து வையுங்கள். எது என்பதை வியாழக்கிழமை மாலை முடிவு செய்தால் போதும். வேலை நாளில் போக முடிந்தால் செவ்வாயோ புதனோ போங்கள். 2017 மார்ச்சில் மூவாயிரம் பேர் வாழும் அந்த ஊரில் கூட்டம் நிரம்பி வழிந்து, உணவகங்களில் சாப்பாடே தீர்ந்துபோனது.

செய்திக்கு மூன்று இடங்கள் போதும். பூங்கா வெளியிடும் பூ நிலவரம் ஒன்று. தியடோர் பெய்ன் அறக்கட்டளை 1983 முதல் நடத்திவரும் காட்டுப்பூத் தொலைபேசிச் செய்தி இன்னொன்று. அது மார்ச் முதல் மே வரை வாரா வாரம் புதுப்பிக்கப்படும், தெற்குக் கலிஃபோர்னியா முழுவதற்கும் சொல்வார்கள். மூன்றாவது, பார்த்த செடியையும் பூச்சியையும் மக்கள் படமெடுத்துப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி. அதில் இடத்தைப் பொரேகோ ஸ்பிரிங்ஸ் என்று வைத்து, கடைசி 7 நாள் பதிவுகளை மட்டும் வடிகட்டுங்கள். பதிவேற்றிய தேதியைப் பார்க்காதீர்கள், படம் எடுத்த தேதியைப் பாருங்கள். படத்தைப் பெரிதாக்கி மொட்டை எண்ணுங்கள். மலர்ந்ததைவிட மொட்டு அதிகம் என்றால் ஒரு வாரம் பொறுக்கலாம். செடியின் அடியில் விதைக்காய் தென்பட்டால் உடனே கிளம்பலாம், அல்லது மேட்டு நிலத்துக்குத் திட்டத்தை மாற்றலாம்.

வானிலையில் பார்க்க வேண்டியவை இரண்டு. தொடர்ந்து இரண்டு மூன்று நாள் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் பள்ளத்தாக்குப் பூக்கள் சுருண்டுவிடும். பலத்த காற்று எச்சரிக்கை இருந்தால் இதழ் கிழியும். கூடவே மணல் பறந்து கண்ணையும் கேமராவையும் பாழாக்கும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைப் பலரும் கேட்பதில்லை. புழு. வெள்ளைக் கோட்டு ஸ்பிங்க்ஸ் என்ற அந்துப்பூச்சியின் புழுக்கள், விரல் பருமனில், வாலில் ஒரு கொம்போடு இருக்கும். கொம்பு கொட்டாது, பயப்பட வேண்டாம். ஆனால் செழித்த ஆண்டுகளில் லட்சக்கணக்கில் பெருகி, ப்ரிம்ரோஸ் என்ற வெள்ளைப் பூவின் வயல் ஒன்றைச் சில நாளில் மொட்டை அடித்துவிட்டுச் சாலையைக் கடந்து அடுத்த வயலுக்குப் போகும். பூ நிலவரத்தில் புழு என்ற சொல்லைக் கண்டால் எந்தச் சாலை என்று பார்த்து அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அல்லது புழுவைப் பார்க்கவே போங்கள். அர்ஜென்டினாவிலிருந்து வடக்கே திரும்பும் ஸ்வைன்சன் பருந்துகள் இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கி இந்தப் புழுக்களைத்தான் தின்கின்றன. காலையில் அவை கூட்டமாக மேலெழுவதைப் பார்க்கவே தனியாக ஆட்கள் வருகிறார்கள்.

எந்த வழி

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 15ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே டெமெக்குலா வரை வந்து, 79ஆம் சாலையில் கிழக்கே திரும்பி, வார்னர் ஸ்பிரிங்ஸ் தாண்டி எஸ்2, பிறகு எஸ்22 என்ற மாவட்டச் சாலைகள். நெரிசல் இல்லாவிட்டால் ஏறத்தாழ மூன்று மணி நேரம். சான் டியேகோவிலிருந்து ஜூலியன் வழியாக 78ஆம் சாலை, பிறகு எஸ்3. இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும்.

எஸ்22இல் ராஞ்சிட்டாவிலிருந்து இறங்கும் பகுதிக்கு மான்டசூமா கிரேடு என்று பெயர். பன்னிரண்டு மைலுக்குள் மூவாயிரம் அடிக்கு மேல் இறக்கம், வளைவுக்கு மேல் வளைவு. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறிப் பிடி தளர்ந்துவிடும். ஆட்டோமேட்டிக் காராக இருந்தாலும் கியரைக் குறைத்து, எஞ்சினின் பிடியில் இறங்குங்கள். வளைவில் வாந்தி வரும் பிள்ளைகள் இருந்தால் இந்தச் சாலையே வேண்டாம். 10ஆம் நெடுஞ்சாலையில் இண்டியோ வரை போய், 86ஆம் சாலையில் தெற்கே இறங்கி, சால்டன் சிட்டியில் எஸ்22ஐப் பிடித்து மேற்கே வாருங்கள். தூரம் கூடும், ஆனால் மலை கிடையாது. அந்தச் சாலையின் இருபுறமும் உள்ள தரையிலும் நல்ல ஆண்டில் பூ இருக்கும்.

பெட்ரோலை டெமெக்குலாவிலோ இண்டியோவிலோ நிரப்பிக்கொள்ளுங்கள். பொரேகோவில் கிடைக்கும், விலை கூடுதல், கூட்ட நாளில் வரிசையும் உண்டு. மின்சாரக் கார் என்றால் மலை ஏறித் திரும்பும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, முழு சார்ஜோடு இறங்குங்கள். ஊரில் சார்ஜ் செய்யும் இடங்கள் குறைவு.

மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகரும். அந்த வார இறுதியில் சூரிய உதயத்துக்கு அலாரம் வைத்தவர்கள் ஏமாறுவது வாடிக்கை.

காரில் வைக்க வேண்டியவை

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். அதற்கு மேல் 8 லிட்டர் தொடாமல் காரிலேயே இருக்கட்டும். மார்ச்சில் பகல் வெயில் 80, 90 டிகிரியில் நின்றாலும் காற்று அவ்வளவு வறண்டிருப்பதால் வியர்வை தெரியாமலே காயும். தலைவலி வந்த பிறகுதான் பலருக்குத் தண்ணீர் ஞாபகம் வரும். இரவில் 45, 50 டிகிரிக்கு இறங்கும், ஸ்வெட்டர் வேண்டும்.

டயர் காற்றழுத்தமானி, சிகரெட் லைட்டரில் செருகும் காற்று அடிப்பான், கைக்கு அடக்கமான மண்வெட்டி, பழைய கார் மிதியடி இரண்டு. உபரி டயர் உண்மையிலேயே இருக்கிறதா என்று வீட்டிலேயே திறந்து பாருங்கள். இப்போது பல கார்களில் அதற்குப் பதில் ஒட்டும் பசைக் குப்பிதான் வருகிறது. வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஊரை விட்டு இரண்டு மைல் போனால் பல இடங்களில் சிக்னல் போய்விடும்.

ஒரு சீப்பும் ஒரு இடுக்கியும் கட்டாயம். காரணம் சோய்யா என்ற கள்ளி. லேசாக உரசினாலே ஒரு கணு பிய்த்துக்கொண்டு வந்து காலில் ஒட்டிக்கொள்ளும். முள்ளின் நுனியில் பின்னோக்கிய செதில்கள் இருப்பதால் கையால் பிடித்து இழுத்தால் கையிலும் ஏறும். சீப்பை முள் உருண்டைக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து, உடம்பிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே சுண்டு. மிச்ச முட்களை இடுக்கியால் எடுங்கள். மூடிய காலணி, முழுக் கால்சட்டை.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவதே நல்லது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ஊரில் தேர்வு குறைவு. புளியோதரையும் சப்பாத்தியும் தாங்கும். தயிர்சாதத்தை ஐஸ் பெட்டியில் வைக்காமல் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் மதியத்துக்குள் புளித்துப் பொங்கிவிடும்.

தங்க, பூங்காவின் பொரேகோ பாம் கேன்யன் முகாம் மைதானத்தில் இடம் பிடிக்க ஆறு மாதம் முன்பே முன்பதிவுத் தளத்தில் உட்கார வேண்டும். கிடைக்காவிட்டால், பூங்காவின் மண்பாதைகளை ஒட்டிக் கட்டணமில்லாமல் கூடாரம் போட அனுமதி உண்டு. தீ மூட்டினால் உலோகத் தொட்டிக்குள் மட்டும், சாம்பலையும் நீங்களே எடுத்துப்போக வேண்டும். மணல் ஓடைக்குள் மட்டும் கூடாரம் போடாதீர்கள். மழை மலையில் பெய்யும், உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாகவே இருக்கும், வெள்ளம் இரவில் வந்துவிடும்.

ஒரு நாளை எப்படிப் பிரிப்பது

பூக்களுக்கும் நேரம் உண்டு. அதை ஒட்டி நாளை அடுக்குங்கள்.

விடிவதற்கு இருபது நிமிடம் முன்பு ஹென்டர்சன் கேன்யன் சாலையில் இருங்கள். கிறிஸ்மஸ் சர்க்கிளிலிருந்து பொரேகோ ஸ்பிரிங்ஸ் சாலையில் வடக்கே போனால் அது வரும். டூன் ஈவ்னிங் ப்ரிம்ரோஸ் மாலையில் விரிந்து, வெயில் ஏறியதும் சுருங்கி, மெல்ல இளஞ்சிவப்பாகி வாடும். நல்ல வெயில் நாளில் ஒன்பது, பத்து மணிக்குள் முடிந்துவிடும். உள்ளங்கை அகலத்தில், அப்பளம் போல மெல்லிய நான்கு வெள்ளை இதழ். இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்காகத்தான் இந்த வெள்ளையும் மணமும். வயலை மேய்கிற அந்தப் புழு வளர்ந்தால், இதே பூவில் தேன் குடித்து மகரந்தம் சுமக்கிற ஸ்பிங்க்ஸ் பூச்சியாக வரும். செடி காய்ந்த பிறகும் அதைத் தேடிப் பாருங்கள். சுற்றியுள்ள தண்டுகள் மேல்நோக்கி வளைந்து கூடி, மணல் மேல் ஒரு சின்னக் குருவிக்கூண்டு வைத்தது போலிருக்கும்.

ப்ரிம்ரோஸுக்கு இடையே தரையோடு படர்ந்து ஊதா விரித்திருப்பது சாண்ட் வெர்பினா. நம் ஊர் அந்திமந்தாரைக்கும் காகிதப்பூவுக்கும் உறவு. குனிந்து முகர்ந்தால் இனிப்பான வாசம் வரும். காலைக் குளிரில் காரை விட்டு இறங்கியதும் முதலில் தெரிவது பெரும்பாலும் இந்த வாசம்தான். இலையைத் தொட்டால் பிசுபிசுக்கும், அதில் மணல் ஒட்டியிருக்கும். மஞ்சளாக நிற்பது டெசர்ட் சன்ஃப்ளவர். அது நாள் முழுவதும் விரிந்திருக்கும், அதனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அலையலையான ஓரத்தோடு நீலப்பச்சை இலைகளும் நடுவே ஒற்றைத் தண்டில் வெள்ளைப் பூக்களும் தெரிந்தால் அது டெசர்ட் லில்லி. இது மட்டும் கிழங்கிலிருந்து வருவது. மழை போதாத ஆண்டுகளில் வெளியே தலைகாட்டாமல் கிழங்காகவே மண்ணுக்குள் கிடக்கும்.

அங்கிருந்து டி ஜார்ஜியோ சாலையில் வடக்கே, தார்ச்சாலை முடியும் இடம் வரை போங்கள். அதற்கு அப்பால் கயோட்டி கேன்யன். சாதாரண கார் என்றால் தாரிலேயே நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது. முதல் கால் மைலிலேயே பார்க்க வேண்டியவை இருக்கும்.

பத்து மணிக்கு மேல் பாம் கேன்யன் டிரைவின் மேற்குக் கோடியில் உள்ள பார்வையாளர் மையத்துக்குப் போங்கள். கட்டடம் மண்ணுக்குள் பதிந்திருப்பதால் தூரத்திலிருந்து கண்ணில் படாது. சுற்றியுள்ள தோட்டத்தில் செடிகளுக்குப் பெயர்ப்பலகை உண்டு. காலையில் பார்த்தவற்றின் பெயரை அங்கே தெரிந்துகொள்ளலாம். அன்றைக்கு எந்த ஓடையில் என்ன பூத்திருக்கிறது என்று மேசையில் இருப்பவரிடம் கேளுங்கள். எந்தச் செயலியையும் விட அந்தப் பதில் புதியது.

உச்சிவெயிலில் நிழலில் இளைப்பாறிவிட்டு, மூன்று மணிக்கு மேல் உயரத்துக்குப் போங்கள். எஸ்3 வழியாக யாக்கி கணவாயைக் கடந்து டாமரிஸ்க் குரோவ் போனால் எதிரே கேக்டஸ் லூப் என்ற குறுகிய பாதை. பீவர்டெயில் கள்ளியின் அடர்ந்த இளஞ்சிவப்புப் பூ மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும். ஒக்கோட்டியோ, சாட்டைகளை நட்டு வைத்தது போல் பத்துப் பதினைந்து அடி நிற்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் சிவப்புச் சுடர். முள் இருந்தாலும் அது கள்ளி இனம் இல்லை. மழைக்குப் பின் சில நாளில் இலை விட்டு, காய்ந்ததும் உதிர்த்துவிடும். அதன் அடியில் அசையாமல் ஐந்து நிமிடம் நின்றால் தேன்சிட்டை விடச் சிறிய ஹம்மிங் பறவை வந்துவிடும்.

பாறைச் சரிவுகளில் மங்கலான வெளிர்மஞ்சள் பூ ஒன்று தென்பட்டால் அவசரப்படாமல் உள்ளே பாருங்கள். அடித்தொண்டையில் சிவப்புப் புள்ளிகளும் கருஞ்சிவப்புக் கறையும் இருந்தால் அது கோஸ்ட் ஃப்ளவர். அதில் தேன் கிடையாது. அதே இடத்தில் வளரும், தேனுள்ள சாண்ட் பிளேசிங் ஸ்டார் பூவைப் போல் வேடமிட்டு, உள்ளே பெண் தேனீ உட்கார்ந்திருப்பது போன்ற அடையாளம் காட்டி ஆண் தேனீக்களை அழைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கக் கிடைத்தால் அன்றைய நாள் நிறைந்தது.

இந்த ஊர் ஆட்கள் வயிற்றுப்பூ என்று ஒரு வகை சொல்வார்கள். வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்தால்தான் தெரியும் அளவு சிறியவை. பர்ப்பிள் மேட் போன்ற செடிகள் ஒரு நாணய அகலத்தில் படர்ந்து, அதற்குள்ளேயே ஏழெட்டுப் பூ பூத்திருக்கும். மழை குறைந்த ஆண்டில் இவற்றைத் தேடுவதுதான் பயணத்தின் சுவாரசியம். படுப்பதற்கு முன் அந்த இடம் வெறும் மணலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். படமெடுக்கக் கைப்பேசியைத் தலைகீழாகப் பிடியுங்கள், லென்ஸ் தரையை ஒட்டி வரும். உச்சிவெயிலின் கடும் நிழலை ஒரு குடை மறைத்துவிடும்.

ஊதாவாகச் சுருண்ட தண்டோடு நிற்கும் ஃபசீலியா வகைகளைத் தொடாதீர்கள். அவற்றில் சிலவற்றின் நுண்மயிர் பட்டால் பலருக்குத் தோலில் கொப்புளமும் அரிப்பும் வரும். ஒரு நாள் கழித்து வருவதால் காரணமே தெரியாது.

மணலில் சிக்கினால்

பூப்பயணத்தில் கார் சிக்குவது பெரும்பாலும் சாலையோரத்தில்தான். படத்துக்காக அவசரமாக ஓரம் கட்டுவார்கள், மேலே கெட்டியாகத் தெரியும் மண்ணுக்குக் கீழே பொடிமணல் இருக்கும். இரண்டு சக்கரமாவது தாரிலோ கெட்டியான மண்ணிலோ இருக்கும்படி நிறுத்துங்கள். முன்பு வண்டிகள் நின்ற தடம் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உயரமாகக் காய்ந்த செடி மேல் நிறுத்தினால் சூடான புகைக்குழாய் பட்டுத் தீப்பிடிக்கலாம்.

சிக்கிவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் சுற்றச் சுற்றப் பள்ளம்தான் ஆழமாகும். எல்லோரையும் இறக்குங்கள். ஸ்டியரிங்கை நேராக்குங்கள். எஞ்சின் இழுக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மணலைச் சாய்வாக வாருங்கள், வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்திருந்தால் அதையும் விடுவியுங்கள். டயர் காற்றை 20 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள். டயர் தட்டையாகி மணலை அகலமாகப் பற்றும். மிதியடியைச் சொரசொரப்புப் பக்கம் டயரைத் தொடும்படி செருகி, வந்த தடத்திலேயே பின்னோக்கி மெதுவாக எடுங்கள். மிதியடி தெறிக்கும், காருக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. வெளியே வந்ததும் நெடுஞ்சாலை ஏறும் முன் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். குறைந்த காற்றோடு வேகம் எடுத்தால் டயர் சூடேறி வெடிக்கும்.

ஃபான்ட்ஸ் பாயின்ட் என்ற காட்சிமுனைக்குப் போகும் மண்பாதை ஒரு வாரம் கெட்டியாகவும் அடுத்த வாரம் பொடிமணலாகவும் இருக்கும். நான்கு சக்கர இழுவை இல்லாத காரில் அந்த நான்கு மைலை முயல வேண்டாம். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தில் மண்பாதைக்குத் தடை இருக்கிறதா என்று முதலில் படியுங்கள். இருந்தால், சிக்கிய வண்டியை இழுக்கும் செலவு முழுக்க உங்கள் கையிலிருந்துதான்.

எங்கே கால் வைப்பது

இதைத்தான் எல்லாவற்றையும் விட அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் செடிகளுக்கு விதை போட வாய்ப்பு ஒரே ஒரு முறை. விதை முற்றும் முன் மிதிபட்ட செடி, மண்ணுக்குள் இருக்கும் விதைச் சேமிப்புக்கு எதையும் தராமலே போகிறது. ஒருவர் படத்துக்காக உள்ளே நடந்த தடம் அடுத்தவருக்குப் பாதையாகிவிடும். மாலைக்குள் அது ஓரடி அகலத்துக்கு வெறும் மண்ணாகிவிடும். 2019இல் லேக் எல்சினோர் அருகே வாக்கர் கேன்யனில் பாப்பிப் பூக்களைக் காண வந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் நகர நிர்வாகம் வழியையே அடைக்க வேண்டியதாயிற்று.

வெறும் மணலிலும் ஓடையின் அடிமணலிலும் மட்டும் நடங்கள். பூக்களுக்கு நடுவே உட்கார்ந்த மாதிரி படம் வேண்டுமென்றால், செடிக்கூட்டத்தின் வெளியோரத்தில் மணலில் உட்கார்ந்து, எடுப்பவர் தரையோடு தாழ்ந்து பூவை முன்னால் வைத்து எடுத்தால் போதும். படத்தில் வித்தியாசமே தெரியாது. பூப் பறிப்பது மாநிலப் பூங்காவில் சட்டப்படி குற்றம். தலையில் வைக்க ஒன்றே ஒன்று என்று பிள்ளை கேட்டாலும் வேண்டாம். நாயை ஆறடிக் கயிற்றில் சாலையிலும் முகாம் மைதானத்திலும் மட்டும் கூட்டிப்போகலாம், நடைபாதைகளில் கூடாது. வெயில் ஏறியதும் விரியன் வகை ராட்டில் பாம்புகள் வெளியே வரும். புதருக்குள் கையை நீட்டும் முன் கண்ணால் பாருங்கள்.

பொரேகோ ஏமாற்றினால்

மழை எங்கே பெய்ததோ அங்கே போக வேண்டும். ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் தெற்கு வாயில் 10ஆம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து காட்டன்வுட் வரை மார்ச்சில் பாருங்கள். டெத் வேலியில் கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே உள்ள பேட்வாட்டரை ஒட்டிய சாலையில், நல்ல ஆண்டில் பிப்ரவரி நடுவிலிருந்தே மஞ்சள் விரியும். 2005, 2016 அப்படிப்பட்ட ஆண்டுகள். ஆனால் அங்கே ஆண்டு மழையே இரண்டு அங்குலம் சுற்றித்தான், பெட்ரோல் நிலையங்களுக்கு இடையே தூரமும் அதிகம்.

ஏப்ரல் ஆகிவிட்டதென்றால் லங்காஸ்டருக்கு மேற்கே ஆன்டிலோப் வேலி பாப்பி காப்பகம். 14ஆம் நெடுஞ்சாலையில் அவென்யூ ஐ வெளிவழியில் இறங்கி மேற்கே 15 மைல். பாப்பி மேகமூட்டத்திலும் குளிர்காற்றிலும் இதழை மூடிக்கொள்ளும். விடியற்காலையில் போய்ப் பயனில்லை. காற்றில்லாத வெயில் நாளில் பத்து மணிக்கு மேல் போங்கள். முந்தைய நாளே காப்பகத்தின் நேரலைக் கேமராவில் பூ விரிந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

திரும்பும் முன்

பொரேகோ வயல்களில் இடுப்பளவு உயர்ந்து, வெளிறிய மஞ்சளில் சின்னப் பூக்களோடு நிற்கும் செடியை நிறையப் பார்ப்பீர்கள். அது சஹாரா கடுகு, நம் கடுகின் இனம், அயலிலிருந்து வந்தது. மழை பெய்ததும் உள்ளூர்ச் செடிகளுக்கு முன்பே முளைத்து நீரையும் வெளிச்சத்தையும் பிடித்துக்கொள்ளும். அது அடர்ந்த இடத்தில் வெர்பினாவும் ப்ரிம்ரோஸும் குறைந்துபோகின்றன. தன்னார்வலர்கள் குனிந்து குனிந்து கையால் பிடுங்குகிறார்கள். அதன் விதை ஈரம் பட்டால் பசை போலாகி டயரிலும் காலணியிலும் ஒட்டும், அப்படித்தான் ஊர் ஊராகப் போகிறது. அதனால் கிளம்பும் இடத்திலேயே காலணியின் அடியைத் தட்டி, சாக்ஸில் ஒட்டியதைச் சீப்பால் வாரி, கார் மிதியடியை உதறிவிடுங்கள். மழை பெய்த ஈரத்தில் மண்பாதையில் ஓட்டியிருந்தால், அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகும் முன் டயர்களையும் சக்கர வளைவின் உட்புறத்தையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள்.